பர்மா பிரிந்த வரலாறு: 1932 தேர்தலும் அரிசிக் கணக்கும்

1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று இரங்கூன் அஞ்சலகங்களில் விற்பனைக்கு வந்த தபால் தலைகள் இந்தியத் தபால் தலைகளேதாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தின்மீது 'பர்மா' என்னும் சொல் மட்டும் புதிதாக அச்சேறியிருந்தது. நோட்டுகளும் அவ்வாறே. இந்திய ரூபாய் நோட்டு, பர்மாவில் மட்டுமே செல்லும் என்ற முத்திரையோடு புழக்கத்திற்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தியாவின் ஒரு மாகாணமாக, ஒரே சுங்க எல்லைக்குள், ஒரே நாணயத்தோடு இருந்த ஒரு நிலப்பரப்பு அன்று தனியாயிற்று. ஆனால் தனியானதன் அடையாளம் பழைய தாளின் மேல் அடித்த ஒரு முத்திரையாகவே இருந்தது.

பிரிட்டன் 2016 ஜூன் 23 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 51.9 வாக்குகளால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக முடிவு செய்து, 2020 ஜனவரி 31 அன்று விலகியது. அந்த நாள்களில் நம் நாளேடுகளும் அதைப் பக்கம் பக்கமாக எழுதின. குடியேறிகள் வேலையைப் பறிக்கிறார்கள், நம் வரிப்பணம் வேறிடம் போகிறது, நம் சட்டத்தை நாமே இயற்றவேண்டும் என ஒரு பக்கம். சந்தை போய்விடும், விலைவாசி ஏறும், தனிமைப்பட்டுப் போவோம் என மறுபக்கம். இவ்வாதங்களைப் படித்தபோது, ஏறத்தாழ இதே வாதங்களை எண்பது ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடலின் அக்கரையில் பேசித் தேர்தல் நடத்தியிருக்கிறார்களே என்ற எண்ணம் எழாமற்போகவில்லை. அந்த வழக்கில் குடியேறிகள் என்று சுட்டப்பட்டவர்களுள் தமிழர்களும் இருந்தனர். ஆகவே பர்மியரின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் சுங்கத் தீர்வைக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள், பர்மாவிலிருந்து மீண்ட தமிழர் நம் கதைகளிலும் திரையிலும் எத்தனை முறை வந்திருக்கிறார்கள் என்பதை நினைவுகூர்ந்தால் போதும்.

பர்மாவை ஆங்கிலேயர் மூன்று போர்களில் பிடித்தனர். 1826இல் கடலோரப் பகுதிகள் சென்றன. 1852இல் கீழ்ப்பர்மா சென்றது. 1885இல் மாண்டலே அரசு வீழ்ந்தது. 1886 ஜனவரி முதல் நாள் மேல்பர்மாவும் இணைக்கப்பட்டது. மொழியாலும் இனத்தாலும் சமயத்தாலும் வேறான அந்நாட்டை இந்தியாவோடு சேர்த்தது பர்மியர் கேட்டதன்று, இந்தியர் கேட்டதுமன்று. கல்கத்தாவில் இருந்தவர்களின் ஆட்சி வசதி. இதை முதலில் சொல்லியாக வேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் 'பிரிவினை' என்ற சொல்லைக் கையாண்டவர்களில் பலர், சேர்த்தது எப்படி என்பதைச் சொல்லாமல் பிரித்ததை மட்டும் பேசினர்.

சேர்ந்திருந்த காலத்தில் ஐராவதி ஆற்றின் கழிமுகம் உலகின் நெற்களஞ்சியமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தை நெருங்கியது. கீழ்ப்பர்மாவில் நெல் விளைந்த நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 10 இலட்சம் ஏக்கர் அளவில் இருந்தது. 1930களில் அது 1 கோடி ஏக்கரை நெருங்கியது. காட்டையும் சதுப்பையும் திருத்தியவர் பர்மிய உழவர். அதற்கு முதல் கொடுத்தவர் நகரத்தார். அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் உடலைக் கொடுத்தவர் தெலுங்கரும் தமிழரும் ஒரியரும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, கப்பலின் மேல்தளத்தில் நெருக்கியடித்துக் கொண்டு போய், சில பருவங்கள் உழைத்துத் திரும்பியவர்களே அவர்களில் மிகுதி. 1931 குடிமதிப்புப்படி பர்மாவின் 1 கோடியே 46 இலட்சம் மக்களில் இந்தியர் 10 இலட்சத்துக்குச் சற்று மேல். இது சிறிய பங்குதான். ஆனால் தலைநகரமாகிய இரங்கூனில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தன் தலைநகரில் தானே சிறுபான்மையாகிவிட்ட ஓர் இனத்தின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நகரத்தாரின் லேவாதேவித் தொழிலை இங்கே சற்று விரித்துரைப்பது தகும். கடைக்கு முதலாளி செட்டிநாட்டில், கடையை நடத்துபவர் மூன்றாண்டுக் கணக்கில் சம்பளம் பேசிக் கப்பலேறிய மேலாள், அவருக்கு அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். கிட்டங்கியில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒரு பெட்டியடியே ஒரு வங்கி. ஆங்கிலேய வங்கிகள் உழவனின் வாசலுக்குப் போகவில்லை. பிணையாக நிலத்தை ஏற்கவும் தயங்கின. அந்த இடைவெளியில் செட்டியார் நின்றார். 1929-30இல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, நகரத்தார் பர்மாவில் கொடுத்திருந்த கடனை 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அக்காலத்து 75 கோடி. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும், நகரத்தார் செய்த கோயில் திருப்பணிகளும், கட்டிய விடுதிகளும் இக்கணக்கின் மறுபக்கம். நம் அண்ணாமலையில் தங்கிப்போகும் அடியாருக்கு நகரத்தார் விடுதி தெரியும். அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி எந்த ஆற்று நீரில் விளைந்தது என்பதை அறிந்தோர் குறைவு.

மற்றொரு பக்கமும் உண்டு. அது நம் பக்கம். பர்மா இந்தியாவின் மாகாணமாக இருந்தமையால் பர்மா அரிசி சென்னைத் துறைமுகத்தில் அயல்நாட்டுச் சரக்காகக் கருதப்படவில்லை. அதற்கு இறக்குமதித் தீர்வையும் இல்லை. வேங்கிக்கால் போன்ற ஏரிப்பாசன ஊர்களில், மழையை நம்பி நெல் விளைவிக்கும் உழவனுக்கும், ஐராவதிப் படுகையில் ஆற்று வண்டலில் விளைவிக்கும் உழவனுக்கும் ஒரே சந்தை. 1930களின் மந்தத்தில் நெல்விலை சரிந்தபோது சென்னை மாகாணத்து நிலவுடைமையாளர் அரசிடம் முறையிட்டனர். அரசு 1935இல் அயல்நாட்டு நொய்யரிசிக்குத் தீர்வை விதித்தது. அது சயாம் அரிசியைத் தடுத்தது. பர்மா அரிசியைத் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. பட்டணத்துக் கூலிக்காரனுக்கோ அந்த மலிவரிசி வரமாக இருந்தது. ஒரே சந்தை என்றால் யாருக்கு நன்மை என்ற கேள்விக்கு நம் மாகாணத்துக்குள்ளேயே ஒரே விடை இருந்ததில்லை.

இனி விவாதத்திற்கு வருவோம். 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை அமர்த்தினர். உடன்பாடு ஏற்பட்டதும் பர்மியரை வெளியேற்றினர். மே 26 அன்று கலவரம் வெடித்தது. இரு ஏழைகளை மோதவிட்ட கப்பல் முதலாளிகள் பத்திரமாக இருந்தனர். அதே ஆண்டு இறுதியில், நெல்விலை வீழ்ச்சியால் நொந்த தராவடி வட்டாரத்து உழவர் சயா சான் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். சயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். சைமன் குழு 1930இல் தன் அறிக்கையில் பர்மாவைப் பிரிக்கப் பரிந்துரைத்திருந்தது. இந்தப் பின்னணியில்தான் 1931 நவம்பரில் இலண்டனில் பர்மா வட்டமேசை மாநாடு கூடியது. 1932 ஜனவரியில் அது முடிந்தபோது பிரதமர் இராம்சே மக்டொனால்டு, பிரிவதா அமையவிருக்கும் இந்தியக் கூட்டாட்சியில் சேர்வதா என்பதைப் பர்மிய மக்கள் தேர்தல் வழியே முடிவு செய்யலாம் என்றார்.

பிரிவினைக் கட்சியாருக்கு உ பா பே முதலியோர் தலைவர்கள். 'தூரியா' என்னும் நாளேடு அவர்களுக்குத் துணை. அவர்களின் பொருளியல் வாதம் வலுவானது. டில்லி 1924இல் எஃகுக்கும், 1930இல் பருத்தித் துணிக்கும், 1932இல் சர்க்கரைக்கும் காப்புத் தீர்வை விதித்தது. ஜாம்ஷெட்பூரும் பம்பாயும் பிழைக்க, பர்மிய உழவன் கைலிக்கும் மண்வெட்டிக்கும் கூடுதல் விலை தரவேண்டியதாயிற்று. பர்மாவில் காக்கப்படவேண்டிய ஆலைத்தொழில் அதிகமில்லை; அது விற்பது அரிசி, எண்ணெய், தேக்கு; வாங்குவது ஏனைய எல்லாம். மேலும் இரங்கூன் துறைமுகத்துச் சுங்கமும், அரிசி ஏற்றுமதிக்கு மணங்குக் கணக்கில் வசூலித்த தீர்வையும் நடுவணரசின் கருவூலத்துக்கே சென்றன. இவற்றுக்கெல்லாம் மேலாகக் குடியேற்றம்: கூட்டாட்சிக்குள் இருக்கும்வரை வரும் கப்பலை நிறுத்த முடியாது.

எதிர்ப்பக்கத்தில் டாக்டர் பா மா, உ சிட் லைங், துறவியான உ ஓட்டமா ஆகியோர். அவர்கள் இந்தியாவின்மேல் அன்பு மிகுந்து பேசியவர்கள் என்று நினைத்தால் தவறு. அவர்களின் அச்சம் வேறு. இந்தியாவுக்குத் தரப்படும் அரசியல் சீர்திருத்தம் பிரிந்துபோன பர்மாவுக்குத் தரப்படாமல் போகலாம். ஆங்கிலேய வணிகர் பிரிவினையை இவ்வளவு விரும்புவதன் பொருள் என்ன? தனித்த பர்மா எளிதில் ஆளத்தக்க பர்மா என்பதே அவர்களின் ஐயம். இவ்வணிக்கு இந்திய வணிகர் பணம் கொடுத்தனர் என்ற குற்றச்சாட்டை எதிரணியினர் ஊரூராகச் சொன்னார்கள். இரங்கூன் இந்திய வணிகருக்குப் பிரிவினையில் விருப்பமில்லை என்பது வெளிப்படை.

1932 நவம்பரில் தேர்தல். பிரிவினை எதிர்ப்பாளருக்கு 42 இடங்கள், பிரிவினையாளருக்கு 29, எப்பக்கமும் சாராதவர் 9. சென்னையிலும் கல்கத்தாவிலும் இதை இந்தியாவுக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடியவர்கள் அடுத்த மாதமே திகைத்தனர். டிசம்பரில் பர்மியச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இரண்டையும் மறுத்தது: பிரதமர் காட்டிய அமைப்பின் அடிப்படையில் பிரிவினை வேண்டாம், நிபந்தனையற்ற, நிலையான கூட்டாட்சியும் வேண்டாம், வேண்டும்போது விலகிக்கொள்ளும் உரிமையோடு சேர்வோம். இலண்டன் இதற்கு இசையவில்லை. சேர்ந்தால் சேர்ந்ததுதான், வெளியேறும் வாயில் கிடையாது என்றது. 1933இல் கூடிய சிறப்புக் கூட்டமும் தெளிவான முடிவின்றிக் கலைந்தது.

இந்தத் தீர்மானத்தை அக்கால ஆங்கிலேய அதிகாரிகள் குழப்பத்தின் சான்றாக எள்ளினர். அவ்வெள்ளலைப் பின்வந்த சில வரலாற்றாசிரியர்களும் வழிமொழிந்தனர். எனக்கோ அந்த மேடையில் பேசப்பட்டவற்றுள் மிகத் தெளிவான பேச்சு அதுவே என்று தோன்றுகிறது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கையில் ஐம்பதாம் பிரிவு என்று ஒன்றுண்டு. விலக விரும்பும் நாடு விலகும் முறையை அது வகுக்கிறது. பிரிட்டன் 2017 மார்ச்சில் அப்பிரிவின்படியே ஓலை கொடுத்தது. பர்மியர் 1932இல் கேட்டது அத்தகைய ஒரு பிரிவைத்தான். அதை மறுத்தவர்களின் பெயரர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டனர்!

முடிவில், வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் பிரிவினையை எதிர்த்திருக்க, பிரிவினையே நடந்தது. 1934இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அதைப் பரிந்துரைத்தது. 1935இல் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் தனித்தனிச் சட்டங்கள். பிரிவினையை எதிர்த்துத் தேர்தலில் நின்ற பா மா, 1937இல் பிரிந்த பர்மாவின் முதல் பிரதமரானார். பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது கடன் யார் தலையில் என்ற வழக்கு எழுவதுபோல இங்கும் எழுந்தது. ஏமரி என்பாரின் தலைமையில் ஒரு தீர்ப்பாயம் அமைந்து, பர்மா இந்தியாவுக்குச் செலுத்த வேண்டிய கடனை வகுத்து, 45 ஆண்டுத் தவணையில் கட்டுமாறு கூறியது. போர்களின் செலவையும் நம் தலையில் கட்டுகிறார்களா என்று பர்மியர் முணுமுணுத்தனர். தன்னை வென்ற போருக்குத் தானே செலவு கட்டுவது எந்த அறநூலிலும் இல்லாத முறைதான்.

பொருளியல் விளைவுகள் என்ன? முதல் மூன்றாண்டுகளில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். 1937இல் பிறப்பித்த வணிக ஒழுங்கு ஆணை இருநாட்டுக்கிடையே தீர்வையின்றிச் சரக்குப் போய்வரும் பழைய நிலையைக் காத்தது. ஆள் போய்வருவதையும் அவ்வாறே விட்டது. ஐராவதி அரிசி வழக்கம்போல் வந்தது. பர்மா ஏற்றுமதி செய்த ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசியில் பாதியளவு இந்தியாவே வாங்கியது. வாசலில் பெயர்ப்பலகை மாறியது. அடுக்களை ஒன்றாகவே இருந்தது. 1941 ஏப்ரலில் புதிய வணிக ஒப்பந்தம் வந்தது. இந்தியச் சரக்குகளுக்கும் சலுகையோடு கூடிய தீர்வை விதிக்கும் உரிமையைப் பர்மா பெற்றது. அதே ஆண்டு குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் கையொப்பமாயிற்று. காந்தியடிகள் அதைக் கடுமையாகக் குறை கூறினார். அது நடைமுறைக்கு வருமுன் போர் வந்துவிட்டது.

ஆனால் பிரிவினைப் பேச்சுக்கு அப்பாற்பட்டு, நிலத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதுவே எல்லாவற்றிலும் பெரிய விளைவு. 1930இல் கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் அது 25 பங்கு. ஏழே ஆண்டுகள். நெல்லின் விலை சரிந்தது, கடன் சரியவில்லை, வட்டி நின்றது, நிலம் கைமாறியது. செட்டியார் நிலத்துக்கு ஆசைப்பட்டு அதைச் செய்யவில்லை. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது திரும்பும் பணம். திரும்பாத நிலத்தை வைத்துக்கொண்டு அவர் உழுவாரா? செட்டிநாட்டில் தம்மிடம் பணம் போட்டவர்களுக்கு அவரும் விடை சொல்லவேண்டியிருந்தது. நீதிமன்றத்தின் தீர்ப்பு அவர் கையில் சேற்றைத் திணித்தது என்பதே உண்மை. ஆயினும் தன் பாட்டன் திருத்திய வயலில் குத்தகையாளாக நின்ற பர்மிய உழவனுக்கு இந்த நுட்பம் விளங்கியிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. தமிழில் பர்மாவைப் பற்றி எழுதியோர் நம்மவர் இழந்ததைக் கண்ணீரோடு எழுதியுள்ளனர். அந்த 25 பங்கை எழுதியோர் மிகச்சிலர். இது நம் எழுத்தின் குறை என்றே கருதுகிறேன்.

1942 மார்ச் 8 அன்று சப்பானியர் இரங்கூனுக்குள் நுழைந்தனர். கப்பலில் இடம் கிடைத்தவர் கப்பலில் வந்தனர். மற்றவர் மலையும் காடும் கடந்து மணிப்பூர், அசாம், சிட்டகாங் வழிகளில் நடந்தனர். புறப்பட்டவர் 4, 5 இலட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. வழியில் மாண்டவர் பல்லாயிரவர். இரங்கூனில் 1937இல் 'ஜோதி' என்னும் திங்களிதழைத் தொடங்கி நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா, மனைவியுடன் அவ்வாறு நடந்து வந்தவர்களுள் ஒருவர். அவருடைய பர்மா வழிநடைப் பயண நூலை நம் வட்டத்து இளங்கவிஞர்கள் தேடிப் படிக்கவேண்டும். பிரிவினை நடந்த ஆண்டிலேயே அங்கே ஒரு தமிழிதழ் பிறந்தது என்பது, அங்கிருந்த தமிழர் எவரும் அதை ஒரு முடிவாக எண்ணவில்லை என்பதைக் காட்டுகிறது.

அரிசி நின்றது. இந்தியாவின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் பர்மா அரிசி சிறு பங்குதான். ஆனால் சந்தைக்கு வரும் அரிசியில் அது பெரும்பங்கு. திருவிதாங்கூர் போன்ற, விளைவதைவிட உண்பது மிகுந்த நாடுகளுக்கு அதுவே உயிர். 1943இல் வங்கத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மடிந்த பஞ்சத்திற்கு இதை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடாது. அரிசி இருந்தும் வாங்கும் திறன் இல்லாமையே கொன்றது என்று அமர்த்தியா சென் 1981இல் விரிவாக வாதிட்டார். என்றாலும் பதுக்கலுக்கும் பீதிக்கும் இரங்கூன் வீழ்ச்சி விதையிட்டது. சென்னை மாகாணத்தில் பங்கீட்டு அட்டை வந்தது அந்தக் காலத்தில்தான். இது போரின் விளைவேயன்றிப் பிரிவினையின் விளைவன்று. பிரியாதிருந்தாலும் சப்பானியர் வந்திருப்பர், அரிசி நின்றிருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் மேடைகளின் வழக்கம்.

பிரிவினையின் உண்மையான விளைவு மெல்ல வந்தது. இந்தியாவின் மாகாணமாக இருந்தவரை இரங்கூனில் இந்தியன் உள்நாட்டான். 1937க்குப் பின் அவன் அயலான். அச்சொல் அன்று எவரையும் சுடவில்லை. 1948 ஜனவரியில் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. நகரத்தாரின் நிலம் போயிற்று. 1962 மார்ச்சில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாதனவாயின. அயலான் என்ற சொல் அப்போது சுட்டது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழர் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். துறைமுகத்தில் நகையையும் கழற்றி வைத்துவிட்டு வந்தோர் பலர். சென்னைத் துறைமுகத்தருகே பர்மா பசார் எழுந்தது அவர்களின் பிழைப்பால். வியாசர்பாடி முதல் காரைக்குடி வரை பர்மா காலனி என்ற பெயரால் குடியிருப்புகள் அமைந்தன.

இடையில் ஒரு செய்தி. ஏமரி வகுத்த கடன் என்னவாயிற்று என்று கேட்போர் உண்டு. 1954இல் இந்தியா பர்மாவிடமிருந்து 9 இலட்சம் டன் அரிசி வாங்க உடன்பட்டது; அப்பேச்சோடு பேச்சாக அந்தப் பழைய கணக்கும் தீர்க்கப்பட்டது. அரிசியால் கட்டிய உறவு, அரிசியைக் கொண்டே கணக்கு முடித்துக்கொண்டது.

பிரிட்டன் விலகியதன் விளைவு அந்நாட்டு உற்பத்தித்திறனில் நீண்டகாலத்தில் நூற்றுக்கு 4 அளவு குறையும் என்று அந்நாட்டு வரவு செலவுப் பொறுப்பு அலுவலகமே மதிப்பிட்டுள்ளது. அத்தகைய எண் எதுவும் பர்மாவுக்கு எழுதப்படவில்லை. எழுதினாலும் போரும் புரட்சியும் கலந்து நிற்கும் அக்கணக்கை எவராலும் பிரித்தெடுக்க இயலாது. பிரிவினை விவாதம் முழுவதிலும் பேசுபொருளாக இருந்தவர் அக்கரை சென்ற கூலித் தொழிலாளர். இலண்டன் மேசையில் இந்தியர் சார்பில் அமர்ந்தவர்களோ வணிகரும் வழக்கறிஞருமே. 'பராசக்தி' படத்தில் இரங்கூனிலிருந்து வரும் குணசேகரன் கூட, வசதியாக வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைதான். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன் தமிழில் இன்னும் தன் கதையைச் சொல்லவில்லை.

1960களில் திரும்பி வந்தவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. நிலவழியாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்றனர், எல்லையில் தடுக்கப்பட்டனர். தடுக்கப்பட்ட இடத்திலேயே, மணிப்பூரின் மோரே என்னும் ஊரில், குடியமர்ந்து அங்காளபரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினர். அவ்வூரின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பர்மா. இப்பால் தமிழ் பேசும் ஒரு தெரு.